பெங்களூரா, ஹைதராபாதா? ஒரே பருப்பு, ஒரே குக்கர் வைத்துப் பார்த்த மதிப்பீடு

இரண்டு நகரங்களுக்கும் நான் எடுத்துப்போனது, காரைக்குடியில் வாங்கிய இரண்டு கிலோ துவரம்பருப்பும் என்னுடைய பழைய மூன்று லிட்டர் அலுமினியக் குக்கரும். சிரிக்காதீர்கள். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். எதையாவது சோதிக்க வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை என்பதுதான் அந்தப் பாடத்தின் முதல் விதி. பருப்பு அதே, குக்கர் அதே, தண்ணீர் மட்டும் வேறு. எங்கள் காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரில் இந்தப் பருப்புக்கு மூன்று விசில் போதும். மத்துப் போடவே தேவையில்லை, கரண்டியால் அழுத்தினால் வெண்ணெய் மாதிரி குழையும்.

விஷயம் இதுதான். சென்னையில் மகள் வேலை பார்த்த கிளையை 2025 தொடக்கத்தில் மூடினார்கள். பெங்களூர், ஹைதராபாத் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஏப்ரல் முதல் வாரத்துக்குள் எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். மாப்பிள்ளை கப்பலில் எஞ்சினீயர்; ஆறு மாதம் கடலில், மீதி நாள் வீட்டில். பேரனுக்கு நான்கு வயது. ஆகவே கூடப் போய் இருக்க வேண்டியவள் நான். என் வீட்டுக்காரர் வர மாட்டார். காரைக்குடிக்குப் பக்கத்தில் கொத்தமங்கலத்தில் இருக்கும் பூர்வீக வீட்டில் பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பத்துக்கு, பங்கு. ஊரோடு இருப்பது இவர் ஒருவர்தான். வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், விளக்கேற்ற ஆள் வேண்டும், மழை பெய்தால் எந்த ஓடு ஒழுகுகிறது என்று பார்க்கவும் ஆள் வேண்டும். ஆகவே மாதம் ஒரு தடவையாவது நான் ஊருக்கு வந்தாக வேண்டும். ஒரு நகரத்துக்கு இரண்டு வாரம் என்று மார்ச் மாதம் முழுவதும் ஒதுக்கினோம். மகள் அந்தந்த ஊர் அலுவலகத்துக்கே போய் வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டாள்.

முதலில் பெங்களூர். அல்சூரில் என் பெரியம்மா மகள் இருக்கிறார், எனக்கு ஆச்சி; அக்காவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். நாற்பது வருடமாக அங்கேதான். மாடிப் பகுதியைத் திறந்துவிட்டு, "வாடகை என்று வாயைத் திறந்தால் சாப்பாடு கிடையாது" என்று சொல்லிவிட்டார். அல்சூரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. காய்காரர் தமிழ், பூக்காரம்மா தமிழ், மருந்துக்கடையில் தமிழ். எங்கள் பக்கத்துக் கறுப்புக் கவுனி அரிசிகூடக் கேட்ட முதல் கடையிலேயே கிடைத்தது. ராத்திரி மின்விசிறி போடாமல் தூங்கினோம். மார்ச் மாதத்தில் காரைக்குடியில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சாயங்காலம் ஏரிப் பக்கம் போய்த் திருவள்ளுவர் சிலையைப் பார்த்தோம். 18 வருடம் மூடியே வைத்திருந்து 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள் என்று ஆச்சி சொன்னதும், பேரன் நிமிர்ந்து பார்த்து, "அதுவரைக்கும் தூங்கினாரா?" என்று கேட்டான்.

பருப்பு நான்கு விசிலில் வெந்தது. அது காவிரித் தண்ணீர். 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆற்றிலிருந்து, ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரம் மேலேற்றி அந்த ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். நான் ஒரு குவளை அரிசி கழுவிக் கொட்டும்போது எத்தனை மோட்டார் உழைத்திருக்கிறது என்று நினைத்தால் கை தயங்கத்தான் செய்கிறது.

ஆனால் மகளுடைய அலுவலகம் இருப்பது அல்சூரில் இல்லை, பெல்லந்தூரில். அந்தப் பக்கம் நான்கு வீடு பார்த்தோம். ஒரு அடுக்குமாடியில் குடியிருந்த தமிழ்ப் பெண் நல்ல மனசோடு தன் சமையலறையையே எனக்கு ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்தாள். அங்கே வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் லாரித் தண்ணீரும். ஏழு விசில் விட்டேன். மூடியைத் திறந்தால் பருப்பு ஒவ்வொன்றும் முழித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது. தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகமாக இருந்தால் பருப்பில் உள்ள பெக்டின் என்ற ஒட்டுப்பொருளை அவை இறுக்கிக் கட்டிவிடும். பிறகு எவ்வளவு நேரம் கொதித்தாலும் கரையாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடின நீர் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டதை அன்றைக்குத்தான் தட்டில் பார்த்தேன். கீழே அறிவிப்புப் பலகையில் "இன்று வந்த லாரி: 9" என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. 2024 கோடையில் கிணறுகள் வற்றி அந்த நகரம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே வருடம் அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். பின்னால் நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கு என்று வந்த திட்டம் அது. இந்தக் கட்டடத்துக்கும் இணைப்பு வந்துவிடும், வந்துவிடும் என்று தரகர் மூன்று தடவை சொன்னார். "வந்துவிடும்" என்பதை லிட்டரில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவர் என் மகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சரி, அல்சூரிலேயே இருந்துகொண்டு பெல்லந்தூருக்குப் போய்வந்தால் என்ன? நோட்டில் எழுதிவைத்தேன். பத்து வேலை நாள். தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவு. போக சராசரியாக ஒரு மணி பத்து நிமிடம், திரும்பி வர ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். மெட்ரோ அல்சூர் வழியாக வொயிட்ஃபீல்டு வரை போகிறது, ஆனால் பெல்லந்தூர் இருக்கும் வெளிவட்டச் சாலையில் அப்போது தூண்களும் தகரத் தடுப்பும்தான். அந்தத் தடுப்பு எடுத்துக்கொண்ட இடத்துக்கும் சேர்த்துப் பஸ்களும் கார்களும் முண்டியடித்தன. பத்து நாளில் ஏழு நாள் பேரன் தூங்கிய பிறகுதான் தாய் வீடு வந்தாள். எட்டாம் நாள் அவன் என்னிடம், "அம்மாவுக்கு இங்கே ராத்திரி மட்டும்தானா?" என்றான்.

அட்வான்ஸ் விஷயம் தனி. அல்சூரில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 36,000 ரூபாய் வாடகை கேட்டவர், பத்து மாத அட்வான்ஸ் என்றார். பேசிப் பேசி ஏழுக்கு இறங்கினார். காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது அங்கே ஊர் வழக்கம். இரண்டு லட்சத்துக்கு மேல் ஒருவரிடம் வட்டியில்லாமல் கொடுத்துவைப்பது என்றால் எங்கள் பக்கத்து ரத்தம் கொஞ்சம் கொதிக்கும். வட்டிக் கணக்கு எழுதியே கடல் கடந்தவர்களின் ஊர் இது.

பெங்களூருக்கு இருந்த ஒரே பெரிய பலம், என் சொந்த பலம், ராத்திரி பஸ். திருச்சி, சேலம், ஓசூர் வழியாக 430 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை இரவு ஏறினால் சனிக்கிழமை காலை காபிக்கு வீட்டில் இருக்கலாம். என் தம்பி, 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்களை எரித்ததை ஞாபகப்படுத்தினான். ஆச்சியிடம் கேட்டேன். "அன்றைக்கு எனக்குப் பால் வாங்கிக்கொடுத்தது எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாள்தான்" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய்வதைத் தொடர்ந்தார். நானும் அதை நோட்டில் ஏற்றவில்லை.

மார்ச் மாதத்தின் பின்பாதி ஹைதராபாத். அங்கே எங்களுக்கு ஆச்சி யாரும் இல்லை. கொண்டாப்பூரில் குறுகிய நாள் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு வீட்டை இணையத்தில் பதிவு செய்தோம். "முழுச் சமையலறை" என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஒரு இண்டக்ஷன் தட்டும் இரண்டு கரண்டியும். அலுமினியக் குக்கரை இண்டக்ஷன் தட்டு சீண்டக்கூடச் சீண்டாது. நிர்வாகிக்குத் தொலைபேசியில் சொன்னதற்கு, "வெளியில் ஆர்டர் செய்யுங்கள் மேடம்" என்றார். நான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வாரம் வெளிச்சாப்பாடா? கடைசியில் காவலாளியின் மனைவி தன்னிடமிருந்த ஒற்றை அடுப்பைச் சிறிய சிலிண்டரோடு தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு தெரியாது. சோதனை தொடர்ந்தது அவள் புண்ணியத்தில்.

பருப்புக்கு ஐந்து விசில். கொஞ்சம் மத்தும் வேண்டியிருந்தது. குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதோடு கட்டடத்தின் ஆழ்துளைத் தண்ணீரும் தொட்டியில் கலந்துவிடும். அல்சூரைவிட மோசம், பெல்லந்தூரைவிட எவ்வளவோ மேல். இந்த நகரமும் இப்போது தூரத்துக் கிருஷ்ணாவையும் கோதாவரியையும் நம்பித்தான் இருக்கிறது. 1908இல் மூசி ஆறு பெருகி ஊரை அடித்துக்கொண்டு போன பிறகு நிஜாம் அழைத்துவந்த எஞ்சினீயர் விஸ்வேஸ்வரய்யா. அவர் போட்டுக்கொடுத்த திட்டத்தில்தான் 1920இல் உஸ்மான் சாகரும் 1927இல் ஹிமாயத் சாகரும் வந்தன. அதே மனிதர்தான் மைசூருக்குப் போய்க் காவிரியில் கிருஷ்ணராஜ சாகர் அணையைக் கட்டவைத்தவர். இரண்டு ஊர்க் குழாயிலும் ஒரே ஆள் கைவைத்திருக்கிறார். பிறகு வந்தவர்கள்தான் ஒரு பக்கம் நான்கு விசிலும் ஒரு பக்கம் ஏழு விசிலுமாக ஆக்கிவிட்டார்கள்.

மொழிக்குத்தான் பயந்தேன். முதல் நாள் காய்க் கடையில் கையால் காட்டி, விரலால் எண்ணி, ஒரு ஊமைப்படம் நடத்தினேன். எல்லாம் வாங்கி முடித்துப் பழக்கதோஷத்தில் கறிவேப்பிலையைக் காட்டி, "கொசுறு?" என்றேன். அந்த அம்மாள் முகம் மலர்ந்து ஒரு கொத்தை அள்ளிப் பையில் போட்டாள். அது தெலுங்கிலிருந்து நாம் வாங்கிய வார்த்தை என்பதே அப்புறம்தான் உறைத்தது. ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், பத்து நாளில் கடைத்தெருவைச் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாதது இட்லி அரிசி. அங்கே இட்லி என்றால் உளுந்தை ஆட்டி இட்லி ரவையைக் கலப்பது. அரிசி கேட்டால் ரவைப் பொட்டலத்தை நீட்டுகிறார்கள். ரவை இட்லி ஒன்றும் விஷமில்லை. ஆனால் அது வேறொரு பலகாரம், நம் இட்லியின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு அவமானத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் தாயைப் பெற்றவள் ஆயா. மழலையர் பள்ளி ஒன்றைப் பார்க்கப் போனோம், வாசலில் பேரன் "ஆயா! ஆயா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். பக்கத்தில் நின்ற ஓர் இளம் தாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாதம் எவ்வளவு வாங்குகிறீர்கள், சாயங்காலம் இன்னொரு வீட்டுக்கும் வர முடியுமா என்று ஆங்கிலத்தில் மரியாதையாகவே கேட்டாள். பிள்ளை பார்க்கும் வேலைக்காரிக்கு அங்கெல்லாம் ஆயா என்று பெயர். என் ஓய்வூதியத் தொகையைச் சொன்னேன். அவள் அதற்கு மேல் பேரம் பேசவில்லை. மகள் இரண்டு நாள் சிரித்தாள். "அம்மம்மா என்று கூப்பிடச் சொல்லட்டுமா ஆத்தா?" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று இரண்டு ஊரிலும் ஏறிப் பார்த்தேன். கர்நாடகத்தில் 2023 ஜூனிலும் தெலங்கானாவில் அதே வருடம் டிசம்பரிலும் வந்த திட்டங்கள். இரண்டு இடத்திலும் நடத்துநர் ஆதாரைக் கேட்டார்; காரைக்குடி முகவரியைப் பார்த்ததும் டிக்கெட்டைக் கிழித்தார். நம்மூர் டவுன் பஸ்ஸில் யாரும் பெண்ணிடம் ஊர் கேட்பதில்லை. இது சின்ன விஷயம்தான், ஆனாலும் எழுதிவைத்தேன்.

வெயில்? மார்ச் கடைசியில் மத்தியானம் 38 டிகிரி. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது, ஹைதராபாத் ஐந்நூற்றுச் சொச்சம். வித்தியாசம் நெற்றியில் தெரிகிறது. இந்தப் பாடத்தில் ஹைதராபாத் தேறவில்லை.

அலுவலகம் கச்சிபௌலியில், வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். மறுபடியும் பத்து நாள், அதே நோட்டு. போக இருபத்தைந்து நிமிடம், வர முப்பத்தைந்து. நான்காம் நாள் சாயங்காலம் வெள்ளைப் பணியாரத்துக்கு ஊறப்போட்டிருந்தேன்: ஒரு உழக்குப் பச்சரிசி, அதன் மேலேயே தலைகட்ட, அதாவது கோபுரமாகக் குவிய, உளுந்து. ஆட்டி எடுத்து எண்ணெய் காய்ந்ததும் ஒரு கரண்டி ஊற்றினேன். ஓரம் சிவக்காமல் நடு உப்பி எழுந்து திரும்பியது. எண்ணெயும் குடிக்கவில்லை. இரண்டாவதை ஊற்றும்போது கதவு தட்டும் சத்தம். மணி ஆறு நாற்பது. மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்து பேரனை மடியில் போட்டுக்கொண்டாள். அவன் பணியாரத்தைப் பிய்த்து அவள் வாயில் ஒன்று, தன் வாயில் ஒன்று. அன்றைக்குப் பள்ளிக்கூடம் பார்த்த கதை, ஆயாவுக்குச் சம்பளம் கேட்ட கதை எல்லாம் நாற்பது நிமிடம் ஓடியது. நான் அடுப்படியில் நின்றபடி நோட்டில் 6.40 என்று எழுதி, அதன் கீழ் இரண்டு கோடு போட்டேன்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் பேசினேன். நோட்டில் ஒவ்வொரு விஷயத்துக்கும் போட்ட மதிப்பெண்ணைக் கூட்டினால் பெங்களூருக்கு 74, ஹைதராபாத்துக்கு 71 என்று வருகிறது, ஆனாலும் ஹைதராபாத்துக்கே எழுதிக்கொடுக்கச் சொல்லப்போகிறேன் என்றேன். "கூட்டல் சரியாகத்தானே போட்டாய்?" என்றார். சரியாகத்தான். "அப்படியென்றால் மாதம் ஒரு தடவை என்றது?" என்றார். ஆயிரம் கிலோமீட்டர். விடியற்காலை காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறி, மத்தியானம் சென்னையில் இறங்கி, மாலையில் சார்மினார் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் மறுநாள் காலை ஹைதராபாத். அவசரமென்றால் மதுரையிலிருந்து விமானம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்று முடிவானது. அவர் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கொண்டாப்பூரிலேயே வேறு வீடு, வாடகை 29,000, அட்வான்ஸ் இரண்டு மாதம். ஜூன் முதல் வாரம் குடிபோனோம். சாமான் ஏற்றிவந்த லாரிக்காரர்கள் என் மாமியார் கொடுத்த மங்குச் சட்டியின் (பீங்கான் சாமான்) விளிம்பைப் பெயர்த்துவிட்டு, "முன்பே இப்படித்தான் இருந்தது" என்றார்கள். ஏற்றும்போது எடுத்த படத்தைக் காட்டியதும் 500 ரூபாய் குறைத்தார்கள். மங்குச் சாமான் ஏற்றுகிறவர்கள் ஒவ்வொன்றையும் படம் எடுத்துவையுங்கள். மகளின் டிஎன் 63 காருக்குத் தமிழ்நாட்டிலிருந்து தடையின்மைச் சான்று வாங்கிப் போய் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், சாலை வரியும் கட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டி வேறு மாநிலத்தில் நின்றால் இது கட்டாயம். எந்த ஊருக்குப் போனாலும் இந்தச் செலவு உண்டு, ஆகவே இதற்கு மதிப்பெண் இல்லை.

இருந்து பார்த்த பிறகு நோட்டில் இரண்டு திருத்தம் செய்தேன். ஒன்று, மழை. ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டியது. அந்த ஆறு கிலோமீட்டரைக் கடக்க மகளுக்கு இரண்டு மணி பத்து நிமிடம் ஆனது. மார்ச்சில் சோதித்தவளுக்கு மழை தெரியாது. அது என் சோதனையின் குறை, ஊரின் குறையும்தான். நீங்கள் போவதாக இருந்தால் மழைக்காலத்தில் ஒரு வாரம் இருந்து பாருங்கள். இரண்டாவது, தனிமை. செகந்திராபாத்தில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்குப் போனால் காது குளிரத் தமிழ் கேட்கலாம். ஆனால் கொண்டாப்பூரிலிருந்து அது நகரத்தின் மறுகோடி. காலை ஒன்பதரைக்குப் பேரனைப் பள்ளியில் விட்டால் பன்னிரண்டரை வரை என்னோடு பேசுவது குக்கர் ஒன்றுதான். அல்சூரில் இந்த நேரம் ஆச்சி கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதற்கும் மதிப்பெண் போடுங்கள். நான் போட மறந்துவிட்டேன்.

ஆச்சிக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. மாடியைத் திறந்துவிட்டும் போகாமல் போய்விட்டாள் என்று சொந்தத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றுக்குத் தவறாமல் கூப்பிடுகிறார். நலம் விசாரிப்பதில்லை. "எத்தனை விசில்?" என்று கேட்பார். ஐந்து என்பேன். "இங்கே நான்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.